"அடுத்த மாடல் வரட்டும்"னு சொல்றவங்க இனிமே என் கண்ணுல படாதீங்க

"இப்ப வாங்காதீங்க, அடுத்த மாடல் இயர்ல மாத்திடுவாங்க."

இதைக் கேட்டாலே இப்பல்லாம் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறுது. டொயோட்டாவோட ஸ்போர்ட்ஸ் கார் சூப்ரா வாங்கணும்னு வாயைத் திறந்த எல்லாருக்கும் எவனாவது ஒருத்தன் இதைச் சொல்லியிருப்பான். உங்களுக்கும் சொல்லியிருப்பான். நீங்களும் ஒரு ராத்திரி தூங்காம யோசிச்சிருப்பீங்க.

என் சித்தப்பா பையனை இப்படிச் சொல்லித் தடுத்த ஒரு மனுஷன் போன வாரம் போன் பண்ணினார். 2026 மார்ச்சோட சூப்ரா உற்பத்தி முடியுதுன்னு டொயோட்டா சொன்னதைப் பத்திப் பேசணுமாம். "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல, இது நிக்கப்போற வண்டின்னு! தம்பி நல்லவேளை வாங்கலை. அடுத்த ஜெனரேஷன் சூப்ரா வரும், அதுக்கு வெயிட் பண்ணச் சொல்லுங்க."

திரும்பவும் வெயிட் பண்ணணுமாம்! போனைத் தூக்கி எறியாம இருந்தது பெரிய விஷயம்.

இவர் அப்ப என்ன சொன்னார்னு எனக்கு வரி வரியா ஞாபகம் இருக்கு. 2023. நியூஜெர்சியில ஒரு பிறந்தநாள் விருந்து. என் சித்தப்பா பையன் அப்பதான் சூப்ரா 3.0 (மூணு லிட்டர் இன்ஜின்) மேனுவலை ஓட்டிப் பாத்துட்டு வந்திருந்தான். 2019ல வண்டி வந்தப்ப ஆட்டோமேட்டிக் மட்டும்தான். 2022 ஏப்ரல்லதான் ஆறு கியர் மேனுவலை அறிவிச்சாங்க, அது 2023 மாடலா வந்துச்சு. மூணு வருஷமா ஜனங்க கேட்டுக் கேட்டு வந்த கியர்பாக்ஸ். பையன் மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம். ரெண்டாவது கியர்லேர்ந்து மூணாவதுக்குப் போடறப்ப கை என்ன பண்ணுதுன்னு காத்துலயே செஞ்சு காட்டிக்கிட்டு இருந்தான். முன்பணம் கட்ட செக்புக் சட்டைப்பையிலேயே இருந்துச்சு.

"அண்ணா, திங்கக்கிழமை புக் பண்ணப்போறேன்"னு என்கிட்ட சொன்னான். பக்கத்துல தட்டோட நின்ன இவர் காதுல விழுந்துடுச்சு.

"எந்த மாடல் இயர் தம்பி?"

"2023 சார்."

"ஐயையோ."

அந்த ஐயையோவை இன்னும் மறக்க முடியலை. வீட்டுல இழவு விழுந்த மாதிரி ஒரு ஐயையோ. தட்டை ஜன்னல் திட்டுல வெச்சார். பிரியாணிக் கையை டிஷ்யூல தொடச்சுக்கிட்டார். போனை எடுத்தார். யாரோ கம்ப்யூட்டர்ல வரைஞ்ச ஒரு படம். முன்னாடி பம்பர் வேற, பின்னாடி ரெக்கை வேற. "இதான் வரப்போற ஃபேஸ்லிஃப்ட்"னார். அதுல டயர் கூட ஒழுங்கா வட்டமா இல்லை! பையன் அதை ரெண்டு விரலால பெரிசு பண்ணிப் பாக்கறான். எனக்கு வயிறு எரியுது.

அப்புறம் ஆரம்பிச்சார். "2020 மாடல் வாங்கினவங்க கதை தெரியுமில்ல? 335 ஹார்ஸ்பவர்னு குடுத்தான், அடுத்த வருஷமே 382 ஆக்கிட்டான். அதே மாதிரி இப்பவும் வரும். நானூறுக்கு மேல வரும். 2025 வரைக்கும் பொறு."

சரி, 2020 கதை உண்மைதான். அதை மறைக்கவே மாட்டேன். 2019 கோடையிலேயே 2020 மாடல் கைக்கு வந்துச்சு, 2020 பிப்ரவரியில 2021 மாடலை அறிவிச்சுட்டாங்க. இன்ஜின்ல புது பிஸ்டன், கம்ப்ரஷன் 11லேர்ந்து 10.2க்கு இறங்குச்சு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மாறுச்சு, 47 ஹார்ஸ்பவர் கூடிடுச்சு. முதல்ல வாங்கினவங்க வயிறெரிஞ்சாங்க, அதுல நியாயம் இருக்கு. ஆனா நடந்தது ஒரே ஒரு தடவை. அந்த ஒண்ணை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷமா ஜோசியம் சொல்லி எத்தனை பேரைத் தடுத்திருக்கீங்க? இந்த மனுஷனும் அது வரும்னு முன்னாடி சொன்னவர் கிடையாது. நடந்து முடிஞ்சப்புறம்தான் ஞானம் வந்துச்சு. இன்னொண்ணும் சொல்றேன். 2020 மாடல் வாங்கினவன் அந்த வண்டியை ஓட்டினான்யா. மலைரோட்டுல ஓட்டினான், பவர் அளக்கற டைனோ மெஷின்ல ஏத்தினான், கம்பெனி சொன்னதைவிட அதிகமா காட்டுதுன்னு சந்தோஷப்பட்டான். காத்திருந்தவன் என்னத்தை ஓட்டினான்?

அதோட விட்டாரா? விற்பனைக் கணக்குக்குப் போனார். டிஷ்யூவை விரிச்சு அதுல பேனாவால கோடு போட்டார். 2021ல அமெரிக்காவுல 6,830 சூப்ரா வித்துச்சு, 2022ல 4,952. கோட்டைக் கீழ இழுத்தார், டிஷ்யூ கிழிஞ்சிடுச்சு. "விற்பனை குறையுது, அதனால ஆஃபர் போட்டே ஆகணும், விலை இறங்கும்"னார். ரெண்டு நிமிஷம் கழிச்சு, "விற்பனை குறையுது, அதனால டொயோட்டா காசு போட்டு பெரிய அப்டேட் குடுக்கும்"னார். கேக் வெட்டி முடிச்சு வந்து, "விற்பனை குறையுது, எப்ப வேணா நிறுத்திடுவான், நிறுத்தற வண்டியை வாங்காதே"ன்னார். செருப்பு மாட்டறப்ப கடைசியா, "நிறுத்திட்டா ரீசேல் எகிறிடும்"னு வேற சொல்லிட்டுப் போனார். விலையும் இறங்குமாம், வண்டியும் நிக்குமாம், பவரும் கூடுமாம், ரீசேலும் ஏறுமாம். நாலு திசையிலயும் அம்பு விட்டுட்டு, எது பட்டாலும் "நான் அப்பவே சொன்னேன்"னு வந்து நிக்கறது என்ன பொழப்பு?

அந்த நானூறு ஹார்ஸ்பவர் என்ன ஆச்சு தெரியுமா? 435 ஹார்ஸ்பவரோட ஒரு ஃபைனல் எடிஷன் வந்துச்சு. மொத்தமே 300 வண்டி. அமெரிக்காவுக்கு ஒண்ணு கூட வரலை. இங்க வந்த ஃபைனல் எடிஷன்ல பிரேக், சஸ்பென்ஷன்ல வேலை பாத்திருந்தாங்க, பவர் அதே 382. பையன் 2023லயே கையெழுத்து போட்டிருந்தா கிடைச்சிருக்கற அதே 382! விலையாவது இறங்குச்சா? 2020ல ஐம்பதாயிரம் டாலரை ஒட்டி ஆரம்பிச்ச 3.0, கடைசியில அறுபதாயிரத்தை நெருங்கிடுச்சு.

இவங்களுக்கெல்லாம் ஒரு விஷயம் மண்டையில ஏறவே மாட்டேங்குது. இந்த மாதிரி வண்டி இன்னைக்கு விக்கற நம்பர்லதான் உயிரோட இருக்கு. இதே டொயோட்டா 2023ல அமெரிக்காவுல நாலு லட்சத்துக்கு மேல ராவ்4 எஸ்யூவி வித்துச்சு. அந்த வருஷம் வித்த சூப்ரா 2,652. ராவ்4 அதை ரெண்டரை நாள்ல வித்துடும். சூப்ரா ஜப்பான்ல டொயோட்டா தொழிற்சாலையில கூட தயாராகலை. ஆஸ்திரியாவுல கிராட்ஸ் நகரத்துல மாக்னா ஸ்டெயர் தொழிற்சாலையில, பிஎம்டபிள்யூ இசட்4 காரோட சேர்ந்து தயாராச்சு, இன்ஜினும் பிஎம்டபிள்யூவோடது. ரெண்டு கம்பெனி செலவைப் பங்கு போட்டாதான் கட்டுப்படியாகுங்கற நிலைமை. இதுல வாங்க வந்தவனையும் "பொறு, பொறு"ன்னு திருப்பி அனுப்பினா நம்பர் என்ன ஆகும்? விழும். விழுந்த நம்பரை டிஷ்யூல வரைஞ்சு அடுத்தவனைத் தடுக்கறீங்க. அதுவும் விழுது. இந்த வண்டி சாக உங்க வாயும் ஒரு காரணம்யா!

இதுல "அடுத்த ஜெனரேஷனுக்கு வெயிட் பண்ணு"ன்னு சொல்ல நாக்கு எப்படி வருது? போன தடவை அமெரிக்காவுல சூப்ரா நின்னது 1998ல. அடுத்தது கைக்கு வந்தது 2019ல. இருபத்தியொரு வருஷம். 2014ல டெட்ராய்ட் கண்காட்சியில சூப்ராவுக்கு முன்னோட்டமா எஃப்டி-1 கான்செப்டைக் காட்டினப்புறமே அஞ்சு வருஷம் ஆச்சு. அந்த அஞ்சு வருஷமும் இதே கூட்டம் "இந்த வருஷம் கண்டிப்பா வரும்"னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. 98ல ஷோரூம்ல சீந்துவாரில்லாம நின்ன அந்தப் பழைய டர்போ, நல்ல நிலைமையில இருந்தா இன்னைக்கு லட்சம் டாலரைத் தாண்டுது.

பையன் திங்கக்கிழமை புக் பண்ணலை. "அவர் சொல்றதும் சரியாதானே இருக்கு அண்ணா, ஒரு வருஷம் பாப்போம்"னான். ஒரு வருஷம் பாத்தான். லோன் வட்டி இன்னும் ஏறிடுச்சு. இன்னும் கொஞ்சம் பாத்தான். பொண்ணு பிறந்தா. சூப்ராவுல இருக்கறது ரெண்டே சீட்டு. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எங்கேர்ந்து வாங்கறது? ஒரு மனுஷன் வாழ்க்கையில அப்படி ஒரு வண்டி வாங்கற காலம்னு கொஞ்ச நாள்தான் கிடைக்கும். வேலை நிலைச்சிருக்கணும், கல்யாணம் ஆன புதுசா இருக்கணும், முதுகு வலி வந்திருக்கக் கூடாது, வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்கக் கூடாது. அவனுக்கு அது எல்லாம் கூடி வந்த வருஷம் 2023. அதை ஒரு டிஷ்யூ பேப்பர்ல கோடு போட்டு ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டார். அவருக்கு அதுல பத்து பைசா நஷ்டம் கிடையாது. ஞாபகம் கூட கிடையாது. நான் திருப்பிச் சொன்னப்ப, "அப்படியா சொன்னேன்? இருக்காதே"ன்னார்.

ஒருத்தன் காசு சேத்து, ஓட்டிப் பாத்து, பிடிச்சிருக்குன்னு வந்து சொன்னா "நல்லா ஓட்டுப்பா"ன்னு சொல்லுங்க. அதுக்கு மேல உங்ககிட்ட யாரும் கேக்கலை.

இந்த லட்சணத்துல டீலர்கள் கொட்டம் வேற. பையன் இப்ப குழந்தைக்காக வாங்கின வண்டி பில்லைக் காட்டினான். டயர்ல நைட்ரஜன் அடிச்சதுக்குன்னு டீலர் தனியா காசு போட்டிருக்கான். வேண்டாம்னா, "ஏற்கனவே அடிச்சாச்சு சார், எடுக்க முடியாது"ன்னு பதில். நாம மூச்சு விடற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தானேய்யா இருக்கு! அதுக்கு பில்லு, பில்லுக்கு மேல வரி, அதையும் லோன்ல சேத்து அஞ்சு வருஷத்துக்கு வட்டி!