தனியாரிடம் கொடுத்தால் சரியாகிவிடுமா?

தபால்காரர் வேலைநிறுத்தம் என்றாலே, "தனியாருக்குக் கொடுத்துத் தொலைங்கப்பா" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. பற்றிக்கொண்டு வருகிறது!

2018 மே மாதம் கிராமங்களில் தபால் கொடுக்கும் ஊழியர்களான கிராமிய டாக் சேவக்குகள் வேலையை நிறுத்தியது எதற்கு? அவர்களுக்காக அரசு அமைத்த கமலேஷ் சந்திரா குழு 2016-லேயே கொடுத்த சம்பளப் பரிந்துரையை அமல்படுத்தச் சொல்லித்தான். காகிதத்தில் நாலைந்து மணி நேர வேலை. தபால் பை வந்ததும் கட்டுப் பிரித்து, முத்திரை குத்தி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, சேமிப்புக் கணக்குப் பணமும் பார்த்து, சிக்னல் கிடைக்காத கருவியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அலைந்தால் அது நாலு மணி நேரத்தில் முடியுமா? முழுநேர ஊழியர் என்ற பெயராவது உண்டா?

50 பைசா அஞ்சலட்டையை எந்தக் கூரியர் மலையேறிக் கொண்டுவந்து கொடுப்பார்? "உங்க ஊருக்கு டெலிவரி இல்லை, டவுன் ஆபீசுக்கு வந்து வாங்கிக்கோங்க" என்பார்கள்.

பிரிட்டன் 2013-ல் தன் அரசுத் தபால் நிறுவனமான ராயல் மெயிலைத் தனியாருக்கு விற்றது. அப்போது 60 பென்ஸ் இருந்த முதல் வகுப்புத் தபால்தலை 2025 ஏப்ரலில் 1.70 பவுண்டு, அதாவது 170 பென்ஸ். வேலைநிறுத்தமாவது ஒழிந்ததா? 2022 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளும் அங்கே ஊழியர்கள் வெளியேதான் நின்றார்கள்!