திருக்கை மூச்சு விடுவதைப் பார்த்தேன்

2016 மே விடுமுறையில் குடும்பத்தோடு மும்பை போயிருந்தோம். கடைசி நாள் மதியம், வெயிலுக்கு ஒதுங்கத்தான் மரைன் டிரைவில் இருந்த தாராபோர்வாலா மீன் காட்சியகத்துக்குள் நுழைந்தோம். 1951-ல் திறந்த இடம். நன்கொடை கொடுத்த பார்சிக்காரரின் பெயரையே வைத்திருந்தார்கள். நாங்கள் போனதற்கு முந்தைய வருஷம்தான் புதுப்பித்து மறுபடி திறந்திருந்தார்கள். தலைக்கு மேலேயும் மீன் நீந்துகிற 12 அடிக் குகை ஒன்று இருந்தது. கூட்டமெல்லாம் அங்கே செல்ஃபி எடுத்துக்கொண்டு நின்றது.

எங்களை நிறுத்தியது வேறொரு தொட்டி. மணலோடு மணலாக, நீலப்புள்ளி போட்ட ஒரு திருக்கை.

நான் சென்னையில் காசிமேட்டுப் பக்கம் வளர்ந்தவன். திருக்கையைக் கூடையில் பார்த்திருக்கிறேன், வெட்டுக்கட்டையில் பார்த்திருக்கிறேன், குழம்பில் தின்றிருக்கிறேன். அதற்கு வாய் அடிப்பக்கம் என்பதும் தெரியும். அப்படியென்றால் மணலில் படுத்துக் கிடக்கும்போது எப்படி மூச்சு விடும்? ஒருநாளும் யோசித்ததில்லை. கண்ணுக்குப் பின்னால் இரண்டு துவாரங்கள். திறந்து மூடி, திறந்து மூடி, தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தன. உள்ளே போன தண்ணீர் அடியில் இருக்கும் செவுள் வழியே வெளியேறுகிறது.

"அப்பா, இது நம்ம வீட்ல செய்யுற திருக்கையா?" என்றாள் மகள். அதன் சொந்தக்கார மீன்தான் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இன்னொரு தொட்டியில் களவா. களவா இனங்களில் பெரும்பாலானவை முதலில் பெண்ணாக வளரும், பெரிதான பிறகு ஆணாக மாறும். பெரிய மீனாகப் பார்த்தே பிடித்துக்கொண்டிருந்தால் கடலில் ஆண் மீன்கள் குறைந்துபோகும். மீன் வாங்குகிற ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டிய விஷயம் இது. நமக்கு யார் சொன்னார்கள்?

ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் முழுக்க இதே நினைப்புதான். இந்தியாவிலேயே முதல் கடல்மீன் காட்சியகம் இருந்தது நம் மெரினாவில். அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் வந்தது, 1909-ல் திறந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது மூடினார்கள். அவ்வளவுதான். கடலை ஒட்டியே வாழும் ஊர், அதை இழந்ததற்காக வருத்தப்பட்டதாகக்கூடத் தெரியவில்லை. சென்னைக்கு மறுபடி ஒரு கடல்மீன் காட்சியகம் வேண்டும். தனியார் இடங்கள் வரலாம், வரட்டும். ஆனால் மீன்கூடை தூக்குகிறவர் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு நாள் கூலி கரையாமல் போய் வர முடிய வேண்டும். அதை அரசுதான் செய்ய முடியும்.

உயிர்களை அடைத்து வைப்பது சரியா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டால்ஃபின் காட்சியகங்களுக்கு அனுமதி கிடையாது என்று 2013-ல் மத்திய அரசு சொன்னபோது சந்தோஷப்பட்டவன் நான். பெரிய சுறாவும் வேண்டாம், வெளிநாட்டிலிருந்து பெங்குவினும் வேண்டாம். நம் வங்கக்கடலில், பாறையிலும் மணலிலும் அதிகம் அலையாமல் வாழ்கிற சின்ன உயிர்கள் போதும். மணல் போட்ட ஒரு அகலமான தொட்டியில் திருக்கை. இன்னொன்றில் நண்டும் சங்கும். கண்ணாடியைத் தட்டாதே என்று பிள்ளைகளிடம் பொறுமையாகச் சொல்ல பக்கத்தில் ஒரு ஆள்.

பெயர்ப்பலகைகள் தமிழில் இருக்க வேண்டும். 'ஸ்டிங்ரே' என்று தமிழ் எழுத்தில் எழுதிவைத்து ஏமாற்றக் கூடாது. எந்த மீனுக்கு என்ன பேர், எந்த மாசத்தில் வரும், எது சினையாக இருக்கும் என்று காசிமேட்டில் மீன் விற்கும் அக்காக்களிடம் கேட்டால் ஒரே காலையில் சொல்லிவிடுவார்கள். அவர்களை வைத்து எழுதச் சொல்லுங்கள். சம்பளம் கொடுத்து.