திருமயிலை நிலையத்தைச் சுற்றி யார் குடியிருக்கப் போகிறார்கள்?

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் முடிந்தால் மயிலாப்பூரின் திருமயிலை நிலையத்தில் மூன்று பாதைகள் சந்திக்கும். மாதவரம்–சிறுசேரி, கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, அப்புறம் ஏற்கெனவே மேம்பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கும் பறக்கும் ரயில். சுரங்கம் தோண்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நிலையத்தை விட்டு வெளியே வந்தபின் வரும் முதல் அரை கிலோமீட்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

பறக்கும் ரயிலில் பட்டதே போதும். 1995-இல் சேப்பாக்கம் வரை, 1997-இல் திருமயிலை, 2007-இல் வேளச்சேரி என்று பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே கட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு நிலையமும் கல்யாண மண்டபம் மாதிரி பிரம்மாண்டம். கடை வரும், அலுவலகம் வரும் என்று விட்ட இடமெல்லாம் பல நிலையங்களில் வருஷக்கணக்காகக் காலியாகவே கிடந்தது. ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் மதில் சுவர், நடுவே வண்டி நிறுத்துமிடம். இருட்டியபின் ஒரு பெண் தனியாக நடந்து போகத் தயங்கும் இடத்தில் யார் கடை போடுவார்கள்?

அதே திருமயிலையிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் தெற்கு மாட வீதி. தரையில் சாக்கு விரித்துக் கீரைக்கட்டும் வாழைப்பூவும் அடுக்கியிருப்பார்கள். கீழே கடை, மேலே வீடு. வேலை முடிந்து ரயிலில் இறங்குபவர் ராத்திரி சமையலுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டே வீட்டுக்கு நடந்துவிடலாம். ரயில் நிலையத்தைச் சுற்றி இப்படித்தான் ஊர் அமைய வேண்டும் என்று நகரத் திட்டக்காரர்கள் படம் போட்டுக் காட்டுவது இங்கே முன்பே இருக்கிறது. மெட்ரோ வந்து நில விலை ஏறும்போது முதலில் காணாமல் போவதும் இதுவாகத்தான் இருக்கும்.

நிலையத்தை ஒட்டி 500 முதல் 800 மீட்டருக்குள் அடர்த்தியைக் கூட்டச் சொல்கிறது மத்திய அரசின் 2017 கொள்கை. சரி, கூட்டலாம். ஆனால் எஃப்எஸ்ஐயை, அதாவது ஒரு மனையில் அதன் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, மட்டும் ஏற்றிக் கொடுத்தால் வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்தும் அடுக்குமாடிதான் எழும்பும். அங்கே குடியேறுபவருக்கு ரயில் எதற்கு? கட்ட அனுமதிக்கும் பரப்பில் 30 சதவீதம் அளவுக்கு எளியவர்களின் வீடுகளுக்கு ஒதுக்கலாம் என்று அதே கொள்கை சொல்கிறது. அந்த வரியை ஏனோ வசதியாக மறந்துவிடுகிறோம்.

ரயிலை நிஜமாகவே நம்பியிருப்பவர்கள் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கடைகளில் நிற்கிறவர்கள், காவலாளிகள். கால்வாய், ஆற்றங்கரைகளிலிருந்து அவர்களை அப்புறப்படுத்தித் தெற்கு ஓரத்திலிருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிய ஊர் இது. வேலை இங்கே, வீடு அங்கே. பஸ்ஸிலேயே பாதி ஆயுள் போகிறது. இன்னொரு முறை அந்தப் பாவத்தைச் செய்யக் கூடாது.

போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் செலவிட வேண்டும் என்று மாநகராட்சியே 2014-இல் கொள்கை வகுத்தது. மயிலாப்பூர் லஸ் முனையில் சாலையைக் கடந்து பார்த்தவர்களுக்கு அது எந்த அளவில் நிற்கிறது என்று தெரியும்.

2026–2046-க்கான மூன்றாவது மாஸ்டர் பிளானில், அதாவது நகர வளர்ச்சித் திட்டத்தில், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) இதைத் தெளிவாக எழுத வேண்டும். நிலையத்தைச் சுற்றிக் கூடுதல் எஃப்எஸ்ஐ கேட்பவர் வாடகைக்கு விடச் சின்ன வீடுகளும் கட்டித்தர வேண்டும். தெருவைப் பார்த்துக் கடைகள் வர வேண்டும், மதில் சுவர் கூடாது. கார் நிறுத்த இவ்வளவுதான் இடம் என்று உச்சவரம்பு வேண்டும். மாட வீதி வியாபாரிகளுக்கு அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே உரிமை வேண்டும். நடைபாதை போட்டு முடித்த பிறகுதான் முதல் கட்டடத்துக்கு அனுமதி.