மல்லாட்டைக் கொல்லைக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர்ப் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் கொல்லை இருக்கிறது. ஆடியில் விதைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பூவெடுத்து, விழுது இறங்க வேண்டிய ஆவணியில், இருபது நாட்களுக்கு மேல் மழை எட்டிப் பார்க்கவில்லை. மாலையானால் ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் திரளும். விளக்கு வைக்கும் நேரத்தில் கலைந்துவிடும். அந்த வாரத்தில்தான் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தக் காணொளி வந்தது. வானத்தில் குறுக்கும் நெடுக்குமாக விமானங்கள் விட்டுப்போன வெள்ளைக் கோடுகள். பின்னணியில் ஒரு குரல், இது புகையல்ல, ரசாயனம், நம் மழையைக் கலைக்கவே தூவுகிறார்கள் என்றது. பெரியப்பா அதன் கீழே குரல் பதிவு ஒன்றைப் போட்டிருந்தார்: "அதான் நம்ம பக்கம் வர்ற மேகம் அப்படியே கலைஞ்சி போவுது." இளையவர்கள் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகளைப் போட்டார்கள். அந்தக் காணொளி பொய் என்பதில் எனக்கு ஐயமில்லை என்றாலும், வாடும் பயிரைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் சிரிப்பது எனக்கு உறுத்தியது. அந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன்.

இணையத்தில் 'கெம்டிரெயில்', அதாவது ரசாயனத் தடம், என்று சொல்லப்படும் இந்தக் கோடு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து, ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ நீராவி வெளியே வருகிறது. சுற்றியுள்ள காற்று சுமார் மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் அந்த நீராவி, புகைத்துகளைப் பற்றிக்கொண்டு, நொடிப்பொழுதில் பனித்துகளாக உறைகிறது. மார்கழி விடியலில் ஏலகிரியில் நின்று பேசினால் வாயிலிருந்து வெண்புகை வருமே, அதன் உறவுதான் இது. மேலே காற்று வறண்டிருந்தால் கோடு விமானத்தின் வாலைப்போல் சிறிது தூரம் வந்து மறைந்துவிடும். ஈரம் மிகுந்திருந்தால் மணிக்கணக்கில் நின்று, அகன்று, மெல்லிய கீற்று மேகமாகவே மாறிவிடும். ஒரே நாளில் ஒரு கோடு மறைவதையும் இன்னொன்று நிற்பதையும் காட்டி, நிற்பதில்தான் ரசாயனம் இருக்கிறது என்று அந்தக் குரல் வாதிடுகிறது. இரண்டும் வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு ஈரத்தில் பறந்தவை என்பதை அது சொல்வதில்லை.

இதை வாயால் விளக்கினால் பெரியப்பா நம்பமாட்டார் என்று தெரிந்ததால், மாலையில் அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய், விமானங்களின் வழியைக் காட்டும் செயலியைக் கைப்பேசியில் திறந்து வைத்தேன். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் விமானம் ஒன்று எங்கள் தலைக்கு மேல் வந்தது. உயரம் இருபதாயிரம் அடிக்குச் சற்று மேலே. கோடு எதுவும் இல்லை. கால் மணி நேரத்தில் வளைகுடாப் பக்கமிருந்து கிழக்கே போகும் விமானம் வந்தது. உயரம் 37,000 அடி. பின்னால் சுண்ணாம்பில் இழுத்ததுபோல் கோடு. நம்முடைய வெப்ப மண்டலத்தில் மைனஸ் 40 டிகிரி என்பது ஏறத்தாழ பத்தரை கிலோமீட்டர் உயரத்தில்தான் கிடைக்கிறது. பெங்களூர் விமானம் ஏறுவதற்குள் இறங்க வேண்டியிருப்பதால் அந்தக் குளிரைத் தொடுவதே இல்லை. அரக்கோணம் கடற்படைத் தளத்தில் இறங்கும் பெரிய விமானங்களைத்தான் எங்கள் பக்கத்தில் பலரும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். தாழப் பறந்து இறங்கும்போது அவற்றின் பின்னாலும் கோடு கிடையாது.

"அப்ப அந்த பீப்பா?" என்றார். காணொளியில், இருக்கைகள் இல்லாத விமானத்துக்குள் வரிசையாகப் பீப்பாய்கள் நிற்கும் படம் ஒன்று உண்டு. புதிய விமானத்தைச் சோதித்துப் பார்க்கும்போது பயணிகளின் எடைக்கு ஈடாகத் தண்ணீர் நிரப்பி வைக்கும் பீப்பாய்கள் அவை. மழைநீரில் அலுமினியம் இருந்ததாம், அதுவும் சாட்சியாம். பூமியின் மேலோட்டில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அலுமினியம்தான். புழுதி பறக்கும் ஊரில் மழைநீரில் அது இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் வளிமண்டல வேதியியலோ புவிவேதியியலோ தெரிந்த 77 பேரிடம் இந்தச் 'சாட்சிகளை' காட்டிக் கேட்டபோது, 76 பேர் ரகசியத் தூவலுக்கு ஆதாரம் காணவில்லை என்றார்கள்.

ஆனாலும் பெரியப்பா நம்பியதற்குக் காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையாகாது. அவர் மனைவியின் பிறந்த ஊர் வாலாஜா அருகே. தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணற்று நீர் நிறம் மாறியதைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. தோல் ஆலைகள் நிறைந்த நம் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததை 1996 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. ராணிப்பேட்டையில் மூடிய ஆலை ஒன்றின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடந்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே மண்ணில் ரசாயனத்தை இறக்கியதைப் பார்த்தவரிடம், வானத்தில் மட்டும் செய்யமாட்டார்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? என்னால் சொல்ல முடிந்ததெல்லாம், பாலாறு கெட்டதற்குச் சாட்சி கிணற்றில் இருந்தது, சோதனைச் சாலையில் இருந்தது, நீதிமன்றத்தில் நின்றது. இந்தக் கோட்டுக்கு அப்படி ஒன்று இல்லை என்பதுதான்.

மேகத்தில் மருந்து தூவுவது பொய்யா என்றும் கேட்டார். பொய்யில்லை. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் சோலாப்பூரில் அதைச் சோதித்து, மழை சுமார் 18 விழுக்காடு கூடியதாக 2023இல் வெளியிட்டது. கர்நாடகம் 2017இல் 'வர்ஷதாரி' என்ற பெயரில் செய்தது. அதற்கு ஏற்கெனவே திரண்ட மழைமேகம் வேண்டும். விமானம் அந்த மேகத்தை ஒட்டியே பறந்து உப்பையோ வெள்ளி அயோடைடையோ விட வேண்டும். தெளிந்த வானத்தில் பத்து கிலோமீட்டர் உயரத்தில் விட்டது, காற்றில் நூற்றுக்கணக்கான மைல் அடித்துப் போகுமே தவிர, குறி வைத்து ஒடுகத்தூர் மேகத்தைக் கலைக்காது.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது வேறோர் இடத்தில். இந்தக் கோடுகளுக்கும் வெப்பத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொன்னால் அதுவும் பொய். பரவி நிற்கும் கோடு பகலில் கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்பும், கூடவே தரையின் சூட்டையும் போர்வைபோல் பிடித்து வைக்கும். இரவில் போர்வை வேலை மட்டும்தான். 2021இல் வெளியான மதிப்பீட்டின்படி, மனிதர் புவியைச் சூடாக்குவதில் விமானங்களின் பங்கு சுமார் 3.5 விழுக்காடு, அதில் கரியமில வாயுவைவிட இந்தக் கோட்டு மேகங்களின் பங்கே பெரிது. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் மூன்று நாள் விமானங்கள் நின்றபோது பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு ஒரு டிகிரிக்கு மேல் கூடியதாக ஓர் ஆய்வு சொன்னது. அந்த நாட்களின் வானிலையே அதற்குப் போதும் என்று பின்வந்தவர்கள் மறுத்தார்கள். இப்படி வெளிப்படையாக நடக்கும் விவாதம் ஒன்று இருக்க, பீப்பாய்ப் படம் வந்து எல்லாருடைய கவனத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியப்பா, "அப்ப ராத்திரியில அந்த ஈரத்த ஒதுங்கிக்கினு போவச் சொல்றதுதானே?" என்றார். அமெரிக்காவில் 2023இல் எழுபது பயணங்களில் அதைச் செய்து பார்த்தார்கள், உயரத்தைச் சற்று மாற்றியதில் கோடு பாதிக்கு மேல் குறைந்தது, எண்ணெய்ச் செலவு மட்டும் சுமார் 2 விழுக்காடு கூடியது என்றேன். "எண்ணெ கூட ஆவும்னா எவன் செய்வான்," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

நான் பேருந்து ஏறுவதற்குள் குழுவில் அவருடைய குரல் வந்துவிட்டது. காணொளியை அவர் அழிக்கவில்லை, அதன் கீழேயே சொல்லியிருந்தார்: "இது ஐஸாம். பீப்பாயில இருக்கிறது வெறும் தண்ணியாம். ராத்திரியில சூடு மட்டும் புடிக்குமாம். சிரிச்ச பசங்க யாருக்காவது இது தெரியுமா?"