அந்த முப்பது விநாடியில் என்ன சொல்லிக்கொடுத்தார்?

ஒரு பயிற்சியாளர் தன் அணிப் பிள்ளையைத் திட்டுகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். நேரிலேயே பார்த்தவள் நான். எந்த அணி, எந்தப் பயிற்சியாளர் என்று இங்கே எழுதப் போவதில்லை. சேலத்தில் கைப்பந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், தெரியாதவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பிள்ளைகளை மரியாதையோடு பழக்குவது எப்படி என்று பயிற்சியாளர்களுக்கு ஒரு வகுப்பு வேண்டும் என்றேன். அதற்குக் குழுவில் வந்த பதில்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வீடியோவில் இருப்பது அவர் கத்துவது மட்டும்தான். முன்னும் பின்னும் நடந்தது அதில் இல்லை, அதனால் சொல்கிறேன். 14 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆட்டம். கடைசி செட், 12-13. அந்தப் பிள்ளையின் சர்வீஸ் வலையில் முட்டி விழுந்தது. 12-14. உடனே டைம்-அவுட் கேட்டார். டைம்-அவுட் என்பது முப்பது விநாடி. அந்த முப்பது விநாடியும் அவர் சொன்னவை: எருமை, சோற்றுக்குக் கேடு, நீ அடுப்படிக்குத்தான் லாயக்கு. விசில் அடித்தது, பிள்ளைகள் உள்ளே போனார்கள். எதிரணி அடித்த பந்து நேராக அதே பிள்ளையிடம் வந்தது. அவள் கை எழவே இல்லை. பந்து தோளில் பட்டு வெளியே போனது. 12-15. தோல்வி. அதற்குப் பிறகு, மற்றவர்கள் எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் உச்சி வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடினாள்.

என் கேள்வி ஒன்றுதான். அந்த முப்பது விநாடியில் அவர் என்ன சொல்லிக்கொடுத்தார்?

சர்வீஸ் ஏன் வலையில் விழுந்தது என்பது கைப்பந்து ஆடிய எவருக்கும் தெரியும். பந்தைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் போட்டாள். முழங்கை தாழ்ந்தது. பந்து மேலெழவில்லை. "கொஞ்சம் முன்னால் தூக்கிப் போடு, முழங்கையை மேலே வை, இப்போது அதை மறந்துவிட்டு வரப்போகும் பந்தைப் பார்" என்று சொல்ல எட்டு விநாடி போதும். மிச்சம் இருபத்திரண்டு விநாடியில் தண்ணீர் குடித்திருக்கலாம். மரியாதை, ஊக்கம் என்று நான் சொன்னால் சிலருக்கு ஏதோ தாலாட்டுப் பாடச் சொல்வதுபோல் கேட்கிறது. இல்லை ஐயா. அது தொழில்நுட்பம். சர்வீஸைப் போலவே கற்றுக்கொண்டு, பழகிப் பழகித்தான் வரும். கத்துவதற்குத்தான் பயிற்சி தேவையில்லை.

நான் பள்ளியில் ஆடியபோது எனக்கும் இதே கோளாறு இருந்தது. முதலில் இருந்த பயிற்சியாளர் என்னை 'பீப்பாய்' என்று கூப்பிடுவார். ஆண்டு முழுக்கக் கூப்பிட்டார், சர்வீஸ் திருந்தவில்லை. பிறகு ஓர் உடற்கல்வி ஆசிரியை வந்தார். கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடியை ஒரு பிடி அள்ளி, என் இடது காலுக்கு முன்னால் தட்டு அளவுக்கு வட்டம் போட்டார். "இன்றைக்கு நீ பந்தை அடிக்கவே கூடாது கண்ணு. தூக்கி மட்டும் போடு. வட்டத்தில் விழ வேண்டும்." அவ்வளவுதான். விழுந்தால் "ம், அதேதான்" என்பார். விழாவிட்டால் எந்தப் பக்கம் போனது என்று மட்டும் சொல்வார். பந்தில் ஒட்டிய வெள்ளைப் பொடியைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து, வீட்டில் அம்மாவிடம் திட்டு வாங்கினேன். வட்டத்தில் விழத் தொடங்கிய பிறகு சர்வீஸ் தானாக வந்தது.

என்னோடு ஆடிய ஒருத்தி இருந்தாள். இடது கைக்காரி, எங்களில் உயரம், அவள் ஸ்மாஷுக்கு யாரும் முன்னால் நிற்க மாட்டார்கள். அந்த ஆசிரியை வருவதற்கு முன்பே, ஒன்பதாம் வகுப்போடு ஆட்டத்தை விட்டுவிட்டாள். இன்று குகைப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாள். போன மாதம் என் மகளோடு போனபோது, மகள் கையிலிருந்த பந்தைக் காட்டி, "அதை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லு அக்கா" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இனி வழக்கமான பதில்களுக்கு வருகிறேன்.

"நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் ஆளானோம்." ஆனீர்கள். ஆகாமல் போனவர்கள் இங்கே வந்து கருத்துப் போட மாட்டார்கள், அவர்கள் எப்போதோ மைதானத்தை விட்டுப் போய்விட்டார்கள். நீங்கள் எண்ணுவது மிஞ்சியவர்களை மட்டும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்மித், ஸ்மோல் என்ற இரண்டு உளவியலாளர்கள் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் பருவம் தொடங்கும் முன் சுமார் இரண்டரை மணி நேர வகுப்பு. முயற்சியைப் பாராட்டு, தவறு செய்தால் முதலில் தேற்று, பிறகு திருத்தம் சொல், தண்டிக்காதே. இதுதான் பாடம். அடுத்த ஆண்டு பார்த்தால், வகுப்புக்குப் போகாதவர்களின் அணிகளில் 26 சதவீதப் பிள்ளைகள் விளையாட்டையே விட்டிருந்தார்கள். வகுப்புக்குப் போனவர்களிடம் 5 சதவீதம். 1992இல் வெளியான ஆய்வு இது. வெற்றி தோல்விக் கணக்கில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதாவது திட்டியதால் ஒரு ஆட்டமும் கூடுதலாக ஜெயிக்கவில்லை, பிள்ளைகள்தான் குறைந்தார்கள்.

"மாரியப்பனையும் நடராஜனையும் கொஞ்சியா வளர்த்தார்கள்?" என்று ஒருவர். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பெயரை எடுத்ததால் சொல்கிறேன். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்டச் சொல்லி ஊக்கப்படுத்தியவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் சிதைந்த பிள்ளையிடம் ஒரு ஆசிரியர் காலைப் பார்க்காமல் தாவலைப் பார்த்தார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். சின்னப்பம்பட்டி நடராஜன் முதல் ரஞ்சி கிரிக்கெட் ஆட்டம் ஆடியதுமே பந்து வீசும் முறையில் ஐயம் என்று புகார் வந்தது. அவரை யாரும் வெயிலில் ஓடவிட்டுத் திருத்தவில்லை. கையை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று பயிற்சியாளர்கள் உடன் நின்று மாற்றிக்கொடுத்தார்கள். பிறகு பிரிஸ்பேனில், தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தில், அவர் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியும்.

"அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவ மாட்டார்" என்று பழமொழி போட்டு லைக் அள்ளியவருக்குப் பதில் இல்லை.

"அவருக்கு என்ன சம்பளம் தெரியுமா, மூன்று மாதமாகப் பாக்கி" என்று எழுதிய தம்பி சொன்னது மட்டும் என்னை யோசிக்கவைத்தது. உண்மைதான். பலருக்கு மாதச் சம்பளம்கூடக் கிடையாது, கோடைக்கால முகாம் வைத்தால் ஏதோ கிடைக்கும். பந்து, வலை எல்லாம் கைக்காசு. பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர்களுக்குப் படிப்புகள் இருக்கின்றன, ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் இருக்கிறது. அம்மாப்பேட்டையில் காலையில் முகாம் நடத்திவிட்டு மாலையில் கடையில் வேலை பார்ப்பவர் ஆறு வாரம் பஞ்சாபுக்குப் போக முடியுமா? முடியாது. அதனால்தான் வகுப்பை இங்கேயே கொடுங்கள் என்கிறேன். ஆனால் தம்பி, சம்பளம் தராதது நிர்வாகம். திட்டு வாங்கியது எட்டாம் வகுப்புப் பிள்ளை. அந்தக் கணக்கு எனக்கு ஒட்டவில்லை.

சட்டமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. விளையாட்டு அகாடமி பள்ளி இல்லையே என்று தப்ப நினைப்பவர்கள் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 75ஆம் பிரிவைப் படிக்கலாம். ஆனால் நான் போலீஸுக்குப் போகச் சொல்லவில்லை. அவரை நீக்கவும் சொல்லவில்லை. குறுவட்டப் போட்டிகளுக்கு அணியைக் கூட்டிவருகிற ஒவ்வொருவரும் ஒரு வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வரட்டும் என்கிறேன். இதற்குத்தான் எனக்கு 'விளம்பரப் பைத்தியம்' பட்டம்.

முந்தின நாள் பையன்கள் அணியும் தோற்றது. அதே ஆள்தான். அங்கே "பரவாயில்லை விடுங்கடா" என்றார். ஆக அவருக்கும் தேற்றத் தெரிந்திருக்கிறது. அடுப்படிக்கு லாயக்கு என்ற சொல் பையன்களுக்கு வரவில்லை, பெண் பிள்ளைகளுக்கு வந்தது. வீடியோவில் இதுவும் இல்லை. இன்னொன்றும் இல்லை. ஓடி முடித்த பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவள் அம்மா அவரிடம் போய், "மன்னித்துக்கொள்ளுங்கள் சார், இனிமேல் ஒழுங்காக ஆடுவாள்" என்றார். அவர் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். எனக்கு ஞாயிறு இரவு தூக்கம் வராததற்குக் காரணம் எருமை அல்ல, இந்தத் தலையாட்டல்.

"மாவட்டத்தைத் தாண்டாதவளுக்கு என்ன தெரியும்" என்கிறீர்கள். தாண்டவில்லைதான். "உங்கள் பெண்ணைப் பரதநாட்டியத்தில் சேருங்கள் அக்கா" என்று குழுவில் போட்டு, சிரிக்கிற பொம்மையும் வைத்தவருக்கு: அங்கேயும் தாளம் தட்டுகிற தட்டுக்கழி பிள்ளைகள் மேல் பறக்கிறது என்று கேள்வி. அவர்களுக்கும் சேர்த்தே வகுப்பு வைப்போம், வாருங்கள்.

இந்த வகுப்புக் கோரிக்கையை அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். இரண்டரை மணி நேரம், ஒரு ஞாயிறு காலை. இடம் கேட்கிறார்கள் என்றால் எங்கள் வீட்டு மாடி இருக்கிறது. டீ, வடை என் செலவு. வருகிறவர்கள் உள்பெட்டியில் பெயர் கொடுங்கள், வடை எத்தனை சொல்வது என்று தெரிய வேண்டும்.