சயோனாரா இல்லை, போயிட்டு வரேன்

ஜப்பான் பள்ளியில் எல்லாரும் 'சயோனாரா', அதாவது போகிறேன், விடைகொடுங்கள், என்று சொல்லி அழுதுகொண்டே பிரிந்தார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்ததும் சிரிப்பு வந்தது. 2018இல் என் மகள் பள்ளிக் குழுவோடு ஜப்பானின் கியோட்டோ நகரத்துக்குப் போய் அங்கே ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கினாள். ஆசிரியர்களிடம் அப்படிச் சொல்வதுண்டாம், ஆனால் கூடப்பழகிய பிள்ளைகளுக்குள் 'மாத்தா நே'தான், அதாவது அப்புறம் பார்க்கலாம். தினமும் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'இத்தெ கிமாசு' சொல்லவேண்டும், பிரித்துப் பார்த்தால் 'போய் வருகிறேன்', அப்படியே நம்ம ஊர் வழக்கம்! வீட்டிலிருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்', போய் வா, என்பார். கடைசி நாளும் அந்த வீட்டு அம்மா வாசலில் நின்று இதைத்தான் சொன்னாராம், ஏதோ சாயங்காலம் திரும்பிவிடுவாள் என்பது போல. அங்கேதான் இவள் உடைந்துபோனாள். அப்புறம் வகுப்பில் எல்லாரும் ஆளுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுக்கும் சதுர அட்டை, 'ஷிகிஷி' என்பார்கள், அது இன்னும் அவள் மேசைமேல் இருக்கிறது. ஓரத்தில் அந்த வீட்டுப் பெண் தமிழில் எழுதிய 'போயிட்டு வா', அதில் 'ட்'டுக்குப் புள்ளி மட்டும் இல்லை.