ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காட்டுக்குள் வாருங்கள்

கேரளாவின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்திலிருந்து திரும்பி இரண்டு நாளாகிறது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பிப்ரவரி மாதம், காலை ஆறரை மணி. புதருக்குப் பின்னாலிருந்து தீக்காக்கையின் குரல் கேட்டது. கருந்தலையும் செக்கச்செவேலென்ற வயிறுமாக இருக்கும் அந்த ஆண் பறவையைப் பார்க்க மூன்று வருடமாக ஆசை. மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி நின்றேன். அதே குரல் அச்சுப் பிசகாமல் மறுபடி வந்தபோதுதான் புரிந்தது, அது பறவையே இல்லை. ஒருவருடைய சட்டைப்பையில் இருந்த ப்ளூடூத் ஸ்பீக்கர்!

நிறுத்தச் சொன்னேன். "இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கோம் சார், படம் இல்லாம திரும்பிப் போகச் சொல்றீங்களா?" என்றார். கூட இருந்த யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் குரல் பறவைக்கு என்ன சொல்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பார்களா? 'உன் இடத்துக்குள் இன்னொருவன் நுழைந்துவிட்டான்' என்கிறது. அது பூச்சி பிடிப்பதை விட்டுவிட்டு விரட்டப் பறந்து வருகிறது. வந்தால் யாரும் இல்லை. திரும்பிப் போனால் மறுபடி குரல். இந்தக் குழு கிளம்பியதும் அடுத்த குழு. பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைத் தாங்கிய இந்தச் சரணாலயத்தின் பரப்பே வெறும் 25 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் எல்லாரும் நடப்பது அதே சில தடங்களில். அப்படியென்றால் தினமும் ஏமாறுவது அதே பறவைகள்தானே?

அப்புறம் தவளைவாயன். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பறவை அது. ராத்திரி முழுக்கப் பூச்சி வேட்டையாடிவிட்டு, பகலில் ஜோடியாக ஒட்டி உட்கார்ந்து காய்ந்த சருகு மாதிரி அசையாமல் தூங்கும். அசையாமல் இருப்பதுதான் அதற்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. அந்தப் பறவை கண் திறந்த மாதிரி படம் வேண்டுமாம், ஒருவர் கிளையைப் பிடித்து ஆட்டினார்! என் கை நடுங்கிவிட்டது. இது கூடு கட்டும் காலம். ஒரே ஒரு முட்டைதான் இடும், பகலில் அதை அடைகாப்பது ஆண் பறவை. இப்படி யாராவது ஆட்டி அது பறந்துபோனால், அந்த ஒற்றை முட்டை வெட்டவெளியில் கிடக்கும். காக்கைக்கும் பாம்புக்கும் அது போதாதா?

கொஞ்சம் சத்தமாகவே சண்டை போட்டேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. பறவை வரவில்லையென்றால் வரவில்லை, அவ்வளவுதான். அது தானாக வந்து உட்காரும் அந்த அரை நிமிடத்துக்காகத்தானே விடியற்காலையில் எழுந்து, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு அங்கே போகிறோம்?

சாயங்காலம் ஆறு மணிக்கு, சொல்லிவைத்த மாதிரி ஆறுமணிக்குருவி கூப்பிட்டது. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வந்திருக்கும் விருந்தாளி. சிலிர்த்துப் போயிருக்க வேண்டும். ஆனால் நான் முதலில் திரும்பிப் பார்த்தது யார் கையில் போன் இருக்கிறது என்றுதான்.